நடுவில் ஓட்டை விழுந்த மனு

கில்ட்ரோமர் நாற்சந்தியைப் பார்த்திருக்கும் ஜன்னல்களில் என்னுடையதுதான் பெரியது. தையல்காரன் மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைப்பவன். கைக்குத்தான் வேலை, கண்ணுக்கு இல்லை. யார் எந்தக் கடையில் நுழைகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறார்கள், வரும்போது மீசையைத் துடைத்துக்கொள்கிறார்களா என்பதெல்லாம் நான் தேடிப் போகாமலே என்னிடம் வந்து சேரும். வந்ததை நாலு பேருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது அநியாயம் என்பது என் கட்சி.

மற்றவர்களுக்கு வேறு கட்சிகள் உண்டு. பார்னல் என்று எங்களுக்கு ஒரு தலைவர் இருந்தார். அயர்லாந்துக்குச் சொந்த ஆட்சி வேண்டும் என்று நாடே அவர் பின்னால் நின்றது. அடுத்தவர் மனைவியோடு அவர் குடித்தனம் நடத்திய கதை லண்டன் கோர்ட்டில் வெளியே வந்ததும், 'இருந்தாலும் அவர்தான் தலைவர்' என்று ஒரு கூட்டம், 'இனி அவர் வேண்டாம்' என்று இன்னொரு கூட்டம். பாதிரிமார் இரண்டாவது கூட்டத்தில். மறு வருஷமே மனிதர் செத்தும் போனார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது; சண்டை மட்டும் நல்ல திடகாத்திரமாக இருக்கிறது. டப்ளினில் பெரிய மனிதர்கள் அவ்வப்போது ரகசியமாகக் கூடி ஒற்றுமை பேசுகிறார்கள். ஒவ்வொரு ஒற்றுமைக் கூட்டத்துக்குப் பிறகும் ஒரு கட்சி கூடுதலாகிறது.

எங்கள் ஊரில் எல்லாமே இரண்டு. படிப்பகம் இரண்டு: ஒன்றில் நாற்காலிகள் இருக்கின்றன, பத்திரிகை இல்லை, மற்றதில் பத்திரிகை வருகிறது, நின்றுகொண்டுதான் படிக்க வேண்டும். ஹர்லிங் என்ற எங்கள் மட்டையாட்டத்துக்கு இரண்டு அணிகள். இரண்டிலும் ஒன்பது ஒன்பது பேர், ஓர் அணிக்கே பதினேழு பேர் வேண்டும், ஆகவே ஆட்டமே கிடையாது. பார்னல் பக்கத்துக்குத் தலைவர் லாரன்ஸ் மரினன், மதுக்கடைக்காரர், பெரிய வயிறு. எதிர்ப்பக்கத்துக்கு சைமன் டால்டி, மாவும் மண்ணெண்ணெயும் விற்கிறவர், பெரிய மூக்கு. முன்பு குத்தகைப் போராட்டத்தில் இருவரும் ஒரே நாளில் கைதாகி, ஐந்து மாதம் ஒரே கொட்டடியில், ஒரே போர்வையின் கீழ் படுத்தவர்கள். இப்போது எதிரெதிர்க் கடை, நடுவில் பதினான்கு அடிச் சாலை, ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. தவிர்க்க முடியாத விஷயமென்றால் என் வழியாகப் பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் கோட்டு தைப்பவன் நான்தான். இரண்டாவது தையல்காரன் ஒருவன் வந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும்.

இந்த இருவரையும் சேர்த்து வைக்கப் புறப்பட்டவள் சபினா கினேன். நாட்டுப்பற்றினால் அல்ல. அவளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது.

சபினாவின் புருஷன் ஆஸ்டின் கூலிக்காரன். ஆற்று வளைவில் மண்சுவர்க் குடிசை. போன குளிர்காலத்தில் வெள்ளம் வந்து பின்சுவர் விழுந்தது. வண்டிச் சட்டம் ஒன்றை முட்டுக் கொடுத்து, மூன்று பிள்ளைகளைக் கோழிகளோடு பரணில் படுக்க வைத்திருந்தார்கள். கூலிக்காரர்களுக்கு ஏழைகள் நல வாரியம் கல்வீடு கட்டிக் கொடுக்கிறது. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, அரை ஏக்கர் கொல்லை. அதற்கு அந்த வட்டாரத்தில் வரி கட்டுகிற பன்னிரண்டு பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வட்டாரத்தில் வரி கட்டுகிறவர்கள் பதின்மூன்று பேர். பதின்மூன்றாவது ஆள் நிலப்பிரபுவின் ஏஜென்ட். அவர் பேனா பட்ட காகிதத்தை மற்றவர்கள் இடுக்கியாலும் தொட மாட்டார்கள். மிச்சம் சரியாகப் பன்னிரண்டு. டால்டி பக்கம் ஆறு, மரினன் பக்கம் ஐந்து, எந்தப் பக்கமும் சேராமல் விதவை பெக் ஹோனன், அவளுடைய ஆடு.

வீடு கூடாது என்று சொன்னவர்கள் யாருமே இல்லை, அதுதான் கொடுமை. மரினன் உடனே ஒரு மனு எழுதி ஐந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். டால்டி அதைவிட அழகான தாளில் எழுதி ஆறு வாங்கிக் கொடுத்தார். "எங்க சங்கம் வாங்கித் தந்த வீடுன்னு சொல்லணும், மறந்துடாதே" என்று இருவரும் சொல்லி அனுப்பினார்கள். சபினா எட்டு மைல் நடந்து வாரியத்தின் யூனியன் ஆபீசுக்குப் போனாள். எல்லாப் பெயரும் ஒரே தாளில் வேண்டும் என்று கிளார்க் திருப்பிவிட்டார். பிறகு நான் அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்ல கறுப்பு நூலால், சுருக்கம் விழாமல் தைத்து, ஓரத்தில் பெக்கின் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தேன். கிளார்க் அதைத் தூக்கிப் பிடித்து, "இது மனுவா, சட்டையா?" என்று கேட்டாராம். அக்டோபர் எட்டுக்குள் ஒரே தாளில் கொண்டுவராவிட்டால் இந்தத் திட்டம் முடிந்தது. அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது.

"இவங்க ரெண்டு பேரும் ஒண்ணாகாம எனக்கு வீடு கிடையாது ஃபெஸ்டி அண்ணே," என்றாள் சபினா, என் வாசற்படியில் உட்கார்ந்து ஈரச் செருப்பைக் கழற்றியபடி. "அப்ப ஒண்ணாக்கிட வேண்டியதுதான்."

"டப்ளின்ல முடியாததை நீ இங்க பண்ணப் போறியா?"

"டப்ளின்ல இருக்கிறவங்க வீட்டுச் சுவரு நேரா நிக்குது. அவங்களுக்கு என்ன அவசரம்?"

அவள் மரினன் வீட்டில் பால் கறக்கிறாள், டால்டி வீட்டில் துணி துவைக்கிறாள். மரினனுக்கு இடுப்புத் துணி போதவில்லை, கால்சட்டையைப் பிரித்து அகலமாக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். டால்டியின் கோட்டில் மூன்று பொத்தான் இல்லை என்பதும் தெரியும். அவற்றில் இரண்டை அவளேதான் துவைக்கும்போது அறுத்திருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். அவள் சொல்லி அனுப்பியபடி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மரினன் என் வீட்டுக்கு வந்து கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் கம்பளியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அடுப்போரம் நின்றார். பின்தையல் முழுவதையும் நான் சரசரவென்று பிரித்துவிட்டேன். பத்தேகாலுக்கு டால்டி நுழைந்தார். அவருக்குப் பின்னால் சபினா, ஒரு கூடை ஈரத்துணியோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவளைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். தாண்டுவதென்றால் கூடைக்கு மேல் குதிக்க வேண்டும்.

"வணக்கம் ஃபெஸ்டி," என்றார் டால்டி, என்னை மட்டும் பார்த்து. "யாரு அது, அடுப்புகிட்ட? ஏழு வருஷமா கொள்கை இல்லாம நின்னாங்க, இப்ப கால்சட்டையும் போயிருச்சா?"

"ஃபெஸ்டி, அந்த ஆளுகிட்ட சொல்லு," என்றார் மரினன் கூரையைப் பார்த்து. "கால்சட்டை இல்லாதவனுக்கும் முதுகெலும்பு இருக்கும். பாதிரியார் இருமினா குனியறவனுக்குத்தான் அது இருக்காது."

"ஃபெஸ்டி, என் கோட்டைக் குடு. நான் போறேன்."

"கோட்டுல இப்ப ஒரு கைதான் இருக்கு சைமன்," என்றேன். உண்மைதான். மற்ற கையை அப்போதுதான் கழற்றினேன்.

அரை மணி நேரம் என் வழியாகவே திட்டிக்கொண்டார்கள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினேன். கடைசியில் சபினாதான் குறுக்கே புகுந்தாள்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். ஜெயில்ல அந்தப் போர்வையை யாரு இழுத்துக்குவாங்க?"

இருவரும் ஒரே சமயத்தில் மற்றவரைக் கைகாட்டினார்கள்.

"இவன்தான்! விடிய விடிய இழுப்பான்," என்றார் டால்டி. "என் கால் ரெண்டும் வெளியில கிடக்கும்."

"உன் கால் நீளத்துக்குப் போர்வை வேணும்னா கப்பல் பாய்தான் வாங்கணும்," என்றார் மரினன். "ஆனா காய்ச்சல் வந்தப்போ முழுசையும் உனக்குத்தானே போர்த்தினேன்? பேசு!"

"போர்த்தினே. இல்லேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"சொல்லலை. ஏழு வருஷமா ஒண்ணுமே சொல்லலையே நீ."

டால்டி மூக்கைச் சிந்தினார். அந்த மூக்குக்கு அது சிறிய காரியமல்ல. அதன்பிறகு என் வழியாகப் பேசுவது நின்றது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

நண்பகலுக்குள் நிறைய முடிவாயிற்று. கிறிஸ்துமஸுக்குள் இரண்டு கட்சிக் கிளைகளும் ஒன்றாகும். நாற்காலி உள்ள அறைக்குப் பத்திரிகை போகும். தலைமை மாதாமாதம் மாறும். இவ்வளவுக்கும் முன்னோட்டமாக சபினாவின் மனுவில் பன்னிரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். ஊர் பார்க்கட்டும், டப்ளினும் பார்க்கட்டும்.

"முதல் கையெழுத்து யாரு?" என்றார் டால்டி.

நான் தையலை நிறுத்தினேன். சபினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வயசுல நான் மூத்தவன்," என்றார் மரினன்.

"ஆள் எண்ணிக்கையில நாங்க ஆறு."

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம். வட்ட அங்கி வெட்டும்போது நாங்கள் நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறு முனையில் சாக்குக்கட்டியைக் கட்டிச் சுற்றுவோம். அதேபோல ஒரு பெரிய வெள்ளைத் தாளில் வட்டம் போட்டேன். மனுவின் வாசகத்தைத் தாளின் பின்பக்கம் ஓரமாக எழுதிக்கொள்ளலாம். பெயர்கள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி வட்டத்தைச் சுற்றி வரட்டும். வட்டத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை, முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

மரினன் தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டால்டி எதிர்த்திசையில் சுற்றிப் பார்த்தார். குறை அகப்படவில்லை.

"ஃபெஸ்டி, நீ பாராளுமன்றத்துல இருக்க வேண்டியவன்," என்றார் மரினன். அன்றைக்கு அதை நான் நம்பினேன்.

மனு என் மேசைமேலேயே இருந்தது. ஒரு பக்கத்து ஆள் ஒருவர், பிறகு மறுபக்கத்து ஆள் ஒருவர் என்று வந்து போட்டார்கள். ஒவ்வொருவரும் முதலில் அடுத்த பெயரின் எழுத்து எவ்வளவு பெரியது என்று கட்டைவிரலால் அளந்தார்கள். ஒருத்தர் வெளிச்சம் போதவில்லை என்று தாளைத் திருப்பித் தன் பெயர் ஜன்னல் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் திருப்பி வைத்தார். ஒரு நாள் முழுக்க அந்தத் தாள் காற்றாலை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக பெக் ஹோனன் ஆட்டை வாசலில் கட்டிவிட்டு வந்தாள்.

"எந்தப் பக்கம் போடட்டும்?"

"இதுல பக்கமே கிடையாது பெக் அக்கா."

"அப்பாடா," என்று இருந்த இடைவெளியில் போட்டாள். "என் வீட்டுக் கூரையும் ஒழுகுதுன்னு இதுலேயே எழுத முடியுமா?"

முடியாது என்றேன். சரி என்று போய்விட்டாள். பன்னிரண்டு பெயரும் சேர்ந்த அந்தத் தாளை சபினா வந்து பார்த்தாள். தொடவில்லை, கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். நாளைக் காலை எடுத்துப் போவதாகச் சொன்னாள்.

மறுநாள் அக்டோபர் ஆறு. தலைவர் இறந்த நாள். மரினன் பக்கத்தார் அன்றைக்கு அவர் நினைவாகக் கோட்டில் ஐவிக் கொடியின் இலை ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். மரினனும் குத்திக்கொண்டு வந்து, தேநீர் கேட்டார். நான் உள்ளே போய்க் கெண்டியை வைத்துவிட்டு வந்தபோது, வட்டத்தின் நடுவில் ஓர் ஐவி இலை வரைந்திருந்தது.

மேலும் இல்லை கீழும் இல்லை என்றெல்லாம் யோசித்த எனக்கு, வட்டத்துக்கு நடு என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. ஏழு வருஷமாக இந்த ஊரில் இருந்துகொண்டு இவ்வளவு பெரிய காலி இடத்தை விட்டு வைத்தவன் நான்.

"லாரன்ஸ், என்ன இது?"

"எது? அதுவா? மை சிந்திருச்சு."

"சிந்தின மைக்கு நரம்பெல்லாம் இருக்கே? காம்புகூட இருக்கு."

"சின்ன இலைப்பா. செத்தவருக்கு ஒரு மரியாதை. பேரு ஒண்ணும் எழுதலையே."

அவர் தேநீர் குடிக்காமலே போனார். கால்சட்டை இப்போது நன்றாகப் பொருந்தியிருந்ததால் வேகமாகப் போனார். தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று நான் எழுந்திருப்பதற்குள் டால்டி வந்துவிட்டார். எதிர்க்கடையில் நின்று எல்லாம் பார்த்திருக்கிறார். பைக்குள்ளிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, இலையின் மேலேயே 'விசுவாசமும் தாய்நாடும்' என்று எழுதி, அடியில் கோடும் இழுத்தார். பாதிரிமார் மேடையில் சொல்கிற வாக்கியம் அது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது மரினன் வாசலில் நின்றார். அவரும் தம் கடையிலிருந்து எல்லாம் பார்த்திருக்கிறார்.

"செத்தவர் மேல எழுதுறியா? செத்தவர் மேலயா?"

"நீதான் மை சிந்திருச்சுன்னு சொன்னியாமே. மை மேலதான் எழுதினேன்."

(இதை டால்டிக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.)

"என் ஆளுங்க பேரை எல்லாம் அடிச்சுட்டுப் போறேன் பாரு!"

"அடி! ஆறு பேரும் அடிப்போம், எங்களுக்கும் பேனா இருக்கு!"

இருவர் கையும் ஒரே நேரத்தில் தாளின் மேல் விழுந்தது. அப்போதுதான் சபினா உள்ளே வந்தாள், போர்வை போர்த்து, எட்டு மைல் நடையை எண்ணிக் கிளம்பி. ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. என் மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அது என் துணிக் கத்தரி; பதினொரு வருஷமாக அதற்குக் காகிதத்தைக் காட்டியதே இல்லை. காகிதம் வெட்டினால் முனை போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள் தாளை அவர்கள் கையிலிருந்து உருவி, நடுவில் முனையைக் குத்தி, ஒரு பெயரும் கெடாமல் வட்டமாக வெட்டியெடுத்தாள். இலையும் வாக்கியமும் அடுப்புக்குள் போயின.

"நடுவும் போச்சு," என்றாள். "இனிமே எதுக்கு அடிச்சுக்குவீங்க?"

இருவரும் அடுப்பைப் பார்த்து நின்றார்கள். சபினா மனுவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். எனக்கும் ஊசி வாங்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். ஊசி நம்மூரிலேயே கிடைக்கும் என்று அவள் வழியில் ஒரு முறை சொன்னாள். நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

யூனியன் கிளார்க் மனுவைப் பிரித்து, ஓட்டை வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார். பின்பக்க வாசகத்தைப் படித்தார். பெயர்களை எண்ணினார். "பன்னிரண்டு இருக்கு. ஓட்டை போடக்கூடாதுன்னு சட்டத்துல இல்ல," என்றார். சபினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு அவர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டே கேட்டார்: "முதல் மனுதாரர் யாரு?"

"அப்படின்னா?"

"பதில் கடிதம் முதல் பேருக்குத்தான் போகும். பன்னிரண்டு பேருக்கும் எழுத எனக்குப் பன்னிரண்டு கையா இருக்கு? இதுல யாரு முதல்ல?"

சபினா அந்தத் தாளைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஏழு வருஷச் சண்டையை ஒரு வார்த்தையில் தீர்க்கச் சொல்லி ஒரு குமாஸ்தா கேட்கிறார், அதுவும் மதிய உணவுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"திருமதி ஹோனன்," என்றாள் சபினா.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏம்மா, பெக் அக்காவையா? அதுங்க ரெண்டும் சும்மா இருக்குமா?"

"மரினன் ஐயா பேரைச் சொன்னா டால்டி ஐயா கிழிப்பார். டால்டி ஐயா பேரைச் சொன்னா மரினன் ஐயா கிழிப்பார். பெக் அக்கா பேருன்னா யாருண்ணே கிழிப்பாங்க? அவங்க இருக்கிறதே ரெண்டு பேருக்கும் தெரியாதே."

நியாயமாகத்தான் பட்டது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, முத்திரை போட்ட நீளக் கவர் வந்தது. பெக் ஹோனனுக்கு வாழ்நாளில் வந்த முதல் அரசாங்கக் கடிதம். அதை அவள் ஆட்டோடு சேர்த்து நாற்சந்தி முழுக்க ஊர்வலம் கொண்டுபோனாள். கண்ணாடி இல்லை, நீங்கள் படியுங்கள் என்று நேராக மரினன் கடையில் கொடுத்தாள். 'திருமதி மார்கரெட் ஹோனன் மற்றும் பதினொருவர் கொடுத்த மனு.' பெக்குக்கு அதுதான் முழுப் பெயர். வியாழக்கிழமை இன்ஜினீயர் வந்து மனை அளப்பார் என்று செய்தி. மரினன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அவள் சாலையைத் தாண்டிப் போய் டால்டியிடம் கொடுத்தாள். அவர் ஒரு முறைதான் படித்தார்.

பத்து நிமிஷத்தில் இருவரும் என் அறையில் இருந்தார்கள். சேர்ந்தே வந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

"மற்றும் பதினொருவர்!" என்றார் மரினன். "சைமன், கேட்டியா? நானும் நீயும் மற்றும்!"

"ஆட்டுக்காரிக்குப் பின்னாடி," என்றார் டால்டி. "ஜெயிலுக்குப் போனது அவளா, நாமளா?"

"அதைக் கேளு முதல்ல!"

"ஃபெஸ்டி, தாள் எடு. வாரியத்துக்கு எழுதணும். இந்த மனு முறையா தயாரிக்கப்படலை, எங்க ரெண்டு பேரு பேரையும் நீக்கி மனுவைத் திருப்பி அனுப்பணும்னு."

"திருப்பி அனுப்பணும்னு கேட்டுக்கொள்கிறோம்," என்று திருத்தினார் மரினன். "மரியாதையா இருக்கட்டும்."

"ஆமா, நீ சொல்றது சரி லாரன்ஸ்."

நான் காதை நம்பவில்லை. சேர்ந்து வாக்கியம் அமைத்தார்கள். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதினார். மரினன் தம் புகையிலையை நீட்ட, டால்டி எடுத்துக் குழாயில் அடைத்தார். ஞாயிற்றுக்கிழமையே இரு கிளையும் ஒரே அறையில் கூடும். கிறிஸ்துமஸ் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நம்மைப் பிரித்து வைத்துத்தானே இப்படியெல்லாம் நடக்கிறது? டால்டி மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போட்டார், பேனாவைத் துடைத்து மரினனிடம் கொடுத்தார். மரினன் பேசிக்கொண்டே, பாராமலே, கீழே போட்டார். இருவரும் சிரித்தார்கள். நான் இத்தனை காலம் ஊசியும் நூலுமாக எதிர்பார்த்தது இதைத்தான். ஒரே தாளில், ஒன்றன் கீழ் ஒன்று, சைமன் டால்டி, லாரன்ஸ் மரினன்.

வாசலில் சபினா நின்றிருந்தாள், டால்டி வீட்டுத் துணிக் கூடையோடு. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"ஐயா, ரெண்டு பேரு போனா பத்து," என்றாள். "பத்து போதாதே."

"கவலைப்படாதே சபினா," என்றார் மரினன் அன்பாக. "புது மனு போடுவோம். முறையா. ஒற்றுமையா."

"எப்பங்க?"

"கமிட்டி கூடினதும்."

"கமிட்டி எப்பங்க கூடும்?"

"முதல்ல கமிட்டியைத் தேர்ந்தெடுக்கணும்ல," என்றார் டால்டி. "அதுக்கு விதிமுறை எழுதணும். வசந்த காலத்துக்குள்ள ஆயிரும்."

"அதுக்குள்ள ஆறு வந்துருமுங்க."

"எந்த ஆறு பேரு?" என்றார் டால்டி. பிறகுதான் அது தண்ணீர் என்று புரிந்து, "ஆமா, ஆமா. பாவம்தான்," என்றார்.

சபினா அழவில்லை. அழுதிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. கூடையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். கடிதத்தை மடித்துக் கவரில் போட என்னிடம் நீட்டினார்கள். மெழுகு உருகிக்கொண்டிருந்தது. அந்தத் தாளில் இருந்தது ஏழு வருஷத்து ஆசை. டப்ளினில் யாரும் இதுவரை பார்க்காத ஒன்று. நான் அதை வெளிச்சத்தில் பிடித்தேன்.

"அழகா விழுந்திருக்கு லாரன்ஸ்," என்றேன். "சைமன் பேருக்கு நேர் கீழே. ஒரு நூல்கூட விலகலை."

மரினன் குழாயை வாயிலிருந்து எடுத்தார். "கீழேயா?"

"கீழேதான். இதோ."

அவர் பார்த்தார். "நான் எப்ப கீழே போட்டேன்? சைமன், நீ எனக்கு முன்னாடி எதுக்குப் போட்டே?"

"பேனா என் கையில இருந்துச்சு, போட்டேன். யாராவது மேலதானேப்பா இருந்தாகணும்?"

"அது ஏன் எப்பவும் நீ?"

"இப்ப மாத்தி எழுதணும்னா சொல்லு, மாத்தி எழுதுவோம். என் பேரு கீழே வராது, அவ்வளவுதான்."

"அப்ப போர்வையை இழுத்தவன் யாருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு!" என்று மரினன் கத்தினார். தாள் அவர் கையில் பாதி, டால்டி கையில் பாதி. டால்டி குழாயிலிருந்த புகையிலையை அடுப்பில் தட்டிவிட்டு, "உன் புகையிலையும் வேணாம், நீயும் வேணாம்," என்றார். போகும்போது இருவரும் ஒரே கதவில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். எதிரெதிராகப் பதினான்கு அடி தள்ளி இரண்டு கடைக்கதவுகளும் ஒரே நேரத்தில் அறைந்து மூடின.

சபினா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, வேணும்னேதான் சொன்னீங்களா?"

"நான் என்னம்மா சொன்னேன்? எழுத்து அழகா இருக்குன்னேன்."

அவள் நன்றி சொல்லவில்லை. துணி காய வேண்டும் என்று போய்விட்டாள்.

வியாழக்கிழமை இன்ஜினீயர் வந்தார். மேட்டு நிலத்தில் அரை ஏக்கர் அளந்து, நான்கு மூலையிலும் முளை அடித்தார். ஆஸ்டின் கினேன் ஒவ்வொரு முளையையும் காலால் மிதித்து இறுக்கினான். ஞாயிற்றுக்கிழமை ஓர் அறையில் கூட வேண்டிய கூட்டம் இரண்டு அறைகளில் கூடியது. நான் முதலில் ஒரு கதவோரமும், பாதியில் ஓடிப்போய் மறு கதவோரமும் நின்றேன். கூலிக்காரர் கினேனுக்குத் தங்கள் இடைவிடாத முயற்சியால் வீடு கிடைத்தது பற்றி மகிழ்ச்சி தெரிவித்து இரண்டு இடத்திலும் தீர்மானம். இரண்டு இடத்திலும் கைதட்டல்.

அன்றைக்கு மெழுகு உருகிய நேரத்துக்கு எங்கள் கில்ட்ரோமரில் கட்சி ஒன்றுதான் இருந்தது. அது கலைந்தது எப்படி என்று ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாது. என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும், இதை இத்தனை நாள் வாயில் அடக்கி வைத்திருக்க நான் என்ன பாடுபட்டிருப்பேன் என்று. கத்தரிக்கோலும் இன்னும் சரியாக வெட்டவில்லை.